டோபி காட்டும் உவர்மண்ணும்



சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலை முடியும் இடத்தில் டோபி காட் என்றொரு ரயில் நிலையம் உண்டு. 1987ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இன்று மூன்று தடங்கள் அங்கே கூடுகின்றன. ‘டோபி’ என்பது சலவைத் தொழிலாளியையும், ‘காட்’ என்பது படித்துறையையும் குறிக்கும் இந்திச் சொற்கள். படித்துறை இருந்ததென்றால் நீரோட்டமும் இருந்திருக்க வேண்டுமன்றோ? அது எங்கே?

இருந்தது. சுங்கை பிராஸ் பாசா என்று அதற்குப் பெயர். ‘பிராஸ் பாசா’ என்றால் மலாய் மொழியில் நனைந்த அரிசி. பின்னாளில் அது ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் ஆயிற்று. இன்று பெரும்பாலும் சாலைக்கு அடியில் மறைந்து ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்கத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் அந்த ஓடையில்தான் நகரத்தாரின் அழுக்குத் துணிகளை வெளுத்து, அருகிலிருந்த புல்வெளியில் உலர்த்தினார்கள்.

அவர்கள் விட்டுவந்த தமிழ்நாட்டுக் கிராமங்களில் சலவைக்கு உதவியது உவர்மண். கோடையில் களர்நிலத்தின் மேல் வெண்மையாகப் பூத்திருக்கும் அம்மண்ணைச் சுரண்டி நீரில் கரைத்து, துணியை அதில் தோய்த்து, வெள்ளாவி வைப்பார்கள். மறுநாள் துறையில் அடித்து அலசினால் துணி பளிச்சென்றாகும். மண்ணைக் கொண்டு அழுக்கைப் போக்குவது எங்ஙனம்?

அம்மண்ணிலுள்ள முக்கியப் பொருள் சோடியம் கார்பனேட் என்னும் உப்பு. கடையில் சலவைச் சோடா என்று வாங்குகிறோமே, அதுவேதான். உப்பு நீரில் கரைகிறது, அவ்வளவே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சமையல் உப்பைப் பொறுத்தவரை அது சரி. சோடாவோ கரைவதோடு நிற்பதில்லை. அதிலுள்ள கார்பனேட் அயனி, நீர் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பற்றிக்கொள்கிறது. எஞ்சி நிற்பது ஹைட்ராக்சைடு அயனி. அதனால் நீர் காரமாகிறது. இதனை நீராற்பகுப்பு என்பர். அந்தக் காரம் துணியிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து, துணியிலேயே சிறிது சவர்க்காரத்தை உண்டாக்கிவிடுகிறது! சூடு ஏற ஏற இவ்வினை விரைவுபடும். வெள்ளாவியின் சூட்சுமம் இதுதான்.

உப்பு நீரில் கரையும்போது அயனிகளாகப் பிரிகிறது என்ற கருத்துக்கு வித்திட்டவர் சுவீடன் நாட்டு அரீனியஸ். 1884இல் அவர் தந்த ஆய்வேட்டுக்குப் பல்கலைக்கழகம் தாழ்ந்த தரமே அளித்தது. 1903இல் நோபெல் பரிசு கிடைத்தது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே வெள்ளாவிப் பானைகள் கொதித்துக்கொண்டிருந்தன. வேதியியல் வரலாறு எழுதியவர்கள் அப்பானைகளின் பக்கம் அதிகம் திரும்பியதில்லை என்பது நம் குறை.

இதற்கு நேர்மாறானது படிகாரம். சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளிலும் கிடைக்கும். கண்ணேறு படாதிருக்க வாசலில் கட்டுவோரும் உண்டு. அதிலுள்ள அலுமினியம் அயனி நீரோடு வினைபுரிந்து நீரை அமிலத்தன்மை உடையதாக்குகிறது. கூடவே பாகுபோன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. கலங்கலை அது வாரிக்கொண்டு அடியில் படிந்துவிடும். நகரின் குடிநீருக்காக 1857இல் டான் கிம் செங் 13,000 வெள்ளி நன்கொடை அளித்த வரலாறு பலரும் அறிந்ததே. இன்று பொதுப் பயனீட்டுக் கழகத்தின் நிலையங்களில் நீரைத் தெளிவிக்கும் படிகளுள் ஒன்று இந்த வினைதான்.

எங்கள் தோட்டப் பள்ளியில் ஆய்வுக்கூடம் கிடையாது. மஞ்சள் தடவிய காகிதமே எங்கள் சோதனைத் தாள். சோடா நீரில் நனைத்தால் செந்நிறமாகிறது. உப்பு நீரில் மஞ்சளாகவே இருக்கிறது. ஒருமுறை, சோடா நீர் தொட்ட தன் விரல்கள் வழவழப்பாக இருப்பதைக் கண்ட ஒரு மாணவி, தன் பாட்டியின் உள்ளங்கை எப்போதும் வெடித்திருக்கக் காரணம் இதுதானா என்று கேட்டாள். பாட்டி பல ஆண்டுகள் பிறர் வீட்டுத் துணி துவைத்தவராம்.

ஆம், இதுவும் ஒரு காரணமே. துணியின் பிசுக்கைக் கரைக்கும் காரம், துவைப்பவர் தோலின் எண்ணெய்ப் பசையையும் கரைத்துவிடும். துறையில் நின்ற அத்தனை பேரின் கைகளும் அவ்வாறே வெடித்திருக்கும்.