ஊடாட்டப் புனைவுப் போட்டி

வாசகர் கட்டளைகளைத் தட்டச்சு செய்தோ தெரிவுகளைச் சொடுக்கியோ கதையை நகர்த்தும் கணினிப் புனைவுகளுக்கான ஆண்டுப் போட்டி, சுருக்கமாக ஐஎஃப்காம்ப். 1995இல் கெவின் வில்சன் தொடங்கினார். முதலாண்டில் இன்ஃபார்ம், டாட்ஸ் ஆகிய நிரல்மொழிகளுக்குத் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. அவற்றில் முறையே ஆண்ட்ரூ பிளாட்கின், மாக்னஸ் ஓல்சன் வென்றனர். 2016 முதல் ஊடாட்டப் புனைவுத் தொழில்நுட்ப அறக்கட்டளை நடத்துகிறது.

மதிப்பீடு: போட்டியிடாத எவரும் நடுவராகலாம். குறைந்தது 5 படைப்புகளுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் இட வேண்டும். ஒவ்வொன்றையும் ஆடிய முதல் 2 மணி நேரமே கணக்கில் வரும். ஆகவே தொடக்கக் காட்சியின் தெளிவும் புதிர்களின் நியாயமும் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கின்றன. மதிப்பெண்கள் மிகவும் சிதறிய படைப்புக்குப் 'பிணக்கின் பொன் வாழைப்பழம்' என்னும் சிறப்பு விருது உண்டு. ஆடியவர்கள் எழுதும் விமர்சனங்களே புதிய எழுத்தாளர்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பாடம்.