பூ ஒன்று, பறவை ஒன்று

2009இல் அப்பாவை மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் மூன்று சொற்களைச் சொன்னார்: பேனா, மாம்பழம், குதிரை. "ஞாபகத்துல வச்சுக்கங்க ஐயா, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன்." பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று அப்பா தடங்கலில்லாமல் இறங்கி வந்தார். வெற்றிலை மண்டியில் நாற்பது வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் அல்லவா! அடுத்து டாக்டர் அந்த மூன்று சொற்களைக் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். "எந்தச் சொல்லு?"

திரும்பும்போது பஸ் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறியது. அதுவரை பேசாமல் வந்த அப்பா சொன்னார்: "எங்க வாத்தியாரு நாலு குடுப்பாரு. இவரு மூணுதான் குடுக்குறாரு."

அந்த நாலு என்னவென்று எனக்குத் தெரியும். சின்னமனூரில் அப்பா படித்தது திண்ணைப் பள்ளிக்கூடம். சாயங்காலம் பிள்ளைகளை அனுப்பும்போது வாத்தியார் ஒவ்வொருவருக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு மிருகம், ஓர் ஊர் என்று நான்கு பேர் சொல்லி அனுப்புவார். மறுநாள் விடிந்ததும் அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இது எங்கள் ஊர் வழக்கம் மட்டுமல்ல. உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் தம் பள்ளிக்கூடத்து நாட்களைச் சொல்லும்போது இதே பழக்கத்தை எழுதியிருக்கிறார். அவர் பிறந்தது 1855இல், தஞ்சைச் சீமையில். அப்பா பிறந்தது 1928இல், கம்பம் பள்ளத்தாக்கில். இத்தனை வருஷமும் இத்தனை தூரமும் தாண்டி அந்த நாலு சொல் வந்து சேர்ந்திருக்கிறது.

அப்பா அந்த நாலையும் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தன் அக்காவிடம் ஒப்படைத்துவிடுவாராம். காலையில் கருக்கலில் எழுப்பிவிடும்போது அத்தை அதைத் திருப்பிச் சொல்வாள். "தாமரை, கொக்கு, கரடி, போடி. போ, ஓடு." அத்தை ஒருநாளும் பள்ளிக்கூடத்துப் படி ஏறியதில்லை. பெண்பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடம் கிடையாது. எத்தனையோ சாதிப் பிள்ளைகளுக்கும் கிடையாது. உட்கார இடம் கிடைத்தவர்களுக்குப் பிரம்படியும் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தன. ஆகவே அந்தப் பள்ளிக்கூடம் திரும்ப வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. 35 வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்வதன் அருமை எனக்குத் தெரியும்.

ஆனாலும் திண்ணைப் பள்ளிக்கூடம் பரவியிருந்த அளவு சாதாரணமானதல்ல. 1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஜில்லாவுக்கு ஜில்லா பள்ளிக்கூடங்களை எண்ணச் சொல்லிக் கலெக்டர்களுக்கு எழுதினார். 1826இல் தொகுத்தபோது 12,498 பள்ளிக்கூடங்கள் கணக்கில் வந்தன. பெரும்பாலும் மணலும் பனையோலையும் மனப்பாடமும்தான். பிள்ளைகள் எண்சுவடியை ராகம் போட்டுச் சொல்லுவார்கள். சட்டாம்பிள்ளை ஒருவன் முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் வாங்கிச் சொல்லுவார்கள். கால், அரைக்கால், மாகாணி என்று வாய்ப்பாடு கீழே இறங்கி, முந்நூற்று இருபதில் ஒரு பங்கான முந்திரி வரை போகும்.

அதெல்லாம் வெறும் ஓசை அல்ல, பிழைப்பு. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் மாகாணி என்றால் ஓர் அணா, அரைக்கால் என்றால் இரண்டணா. கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலை மண்டிக்கு வந்து கவுளி கவுளியாக அடுக்கப்படும்போது, பென்சில் எடுக்காமல் அப்பா விலை சொல்லிவிடுவார். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயாபைசா வந்தது. ரூபாய்க்கு நூறு காசு. அடுத்த சில வருஷங்களில் கிலோவும் லிட்டரும் வந்தன. மாகாணிக்கும் முந்திரிக்கும் கடைத்தெருவில் வேலை இல்லாமல் போனது. அப்பா புதுக் கணக்கைக் கற்றுக்கொண்டார். பழைய கணக்கு உள்ளேயே கிடந்தது.

மறதி நோய் வந்தபோது முதலில் போனது புதிது. காலையில் சாப்பிட்டது, நேற்று வந்த விருந்தாளி, பிறகு பேரன் பெயர். மூளையில் புது நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை அல்சைமர் ஆரம்பத்திலேயே தாக்குகிறது என்று டாக்டர் சொன்னார். சின்ன வயதில் ஆயிரம் தடவை ராகம் போட்டுச் சொன்னவை கடைசி வரை தாக்குப்பிடிக்கும் என்பதை நான் வீட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சாயங்காலம் எங்கள் திண்ணையில் டியூஷன் நடக்கும். அந்த நேரத்தில் அப்பாவை உள் அறையில் உட்காரவைத்து டிவியைப் போட்டுவிடுவேன். பிள்ளைகள் முன்னால் வேட்டி நழுவ வந்து நிற்பாரோ, ஏதாவது பேசிவிடுவாரோ என்ற கூச்சம் எனக்கு.

ஒருநாள் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். முக்காலில் கால் பங்கு எவ்வளவு? பிள்ளைகள் நோட்டில் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளிருந்து குரல் வந்தது: "மூணு வீசம்."

பதினாறில் மூன்று. சரியான விடை. "சார், உள்ள யாரு?" என்றாள் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. அன்று அப்பாவின் நாற்காலியைத் திண்ணைக்குக் கொண்டுவந்தேன். பிறகு அது உள்ளே போகவே இல்லை.

பிள்ளைகள் அவரிடம் வீசமும் மாகாணியும் கேட்டார்கள். அவர் ராகம் போட்டார், அவர்கள் பின்னால் வாங்கிச் சொன்னார்கள். போகும்போது அவராகவே ஆளுக்கொரு பூ, பறவை என்று கொடுக்க ஆரம்பித்தார். எழுபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய வாத்தியார் அவர் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஒரு தவறும் நடந்தது. பையன் ஒருவன் ஆசையாகத்தான் கேட்டான்: "தாத்தா, நேத்து எனக்கு என்ன பூ சொன்னீங்க, சொல்லுங்க பாப்போம்?" அப்பா தேடினார். உதடு நடுங்கியது. சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். நானும் தினம் காலையில் "நான் யாரு, சொல்லுங்க" என்று அவரைப் பரீட்சை வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

வழி கண்டுபிடித்தவள் அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை. மறுநாள் வந்ததும் அவளாகவே சொன்னாள்: "தாத்தா, நேத்து நீங்க எனக்குத் தும்பைப்பூவும் மீன்கொத்தியும் குடுத்தீக. பத்திரமா வச்சிருக்கேன்." அப்பா முகம் மலர்ந்தது. "ஆமாக்கா" என்றார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அன்றிலிருந்து அக்கா என்றே கூப்பிட்டார். அவளும் திருத்தவில்லை.

மறதி உள்ள பெரியவர்களையும் பிள்ளைகளையும் உலகத்தில் வேறு இடங்களிலும் இப்படிச் சேர்க்கிறார்கள் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் நரம்பியல் மருத்துவர் பீட்டர் ஒயிட்ஹவுஸும் அவர் மனைவி கேத்தரினும் 2000இல் தலைமுறைகளைச் சேர்க்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே மறதி நோய் உள்ள பெரியவர்களும் வகுப்புக்கு வந்து பிள்ளைகளோடு சேர்ந்து கதைப்புத்தகம் வாசிக்கிறார்கள். ஜப்பானில் அந்த நோய்க்கு இருந்த இழிவான பெயரை 2004இல் மாற்றினார்கள். அடுத்த வருஷமே, மறதி உள்ளவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று பொதுமக்களுக்கு ஒன்றரை மணி நேரப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளும் அதில் உட்கார்கிறார்கள்.

நம் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவர்களில் எங்கள் பள்ளத்தாக்கிலும் எத்தனையோ பேர் இருப்பார்கள். பெரும்பாலானவர்கள், நான் அப்பாவை வைத்திருந்தது போல உள் அறையில்தான் இருப்பார்கள். தெருவில் திண்ணைகளும் இப்போது இல்லை. ஒன்று கடையாகிவிட்டது, இல்லையென்றால் கம்பிக் கதவு போட்டு பைக் நிற்கிறது. பெரியவர்களும் பிள்ளைகளும் யாரும் ஏற்பாடு செய்யாமலே ஒன்றாக உட்கார்ந்த இடம் அது. இனி யாராவது ஏற்பாடு செய்தால்தான் உண்டு.

அப்பா 2014இல் காலமானார். அக்கா என்று அவர் கூப்பிட்ட பிள்ளை அப்போது பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அம்மாவோடு வந்து, ஒரு கை தும்பைப்பூவை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

தேனி மாவட்டத்து நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. நீங்கள் ஏழு நாள் முகாம் போடுகிறீர்கள். கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்கிறீர்கள், மரம் நடுகிறீர்கள். அதில் ஒரு சாயங்காலத்தையும் மறுநாள் காலையையும் அந்த ஊரில் மறதியோடு இருக்கும் பெரியவர்களுக்கு, வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, ஒதுக்குங்கள். நாலைந்து பிள்ளைகள் போதும். நேற்று நடந்தது எதையும் அவர்களிடம் கேட்க வேண்டாம். பூவின் பேர் ஒன்றை வாங்கிக்கொண்டு வரட்டும், விடிந்ததும் போய் அதைத் திருப்பிச் சொல்லட்டும்.