போர்க்கால நாவல்களில் ஆளாகும் பிள்ளை

'பையன் ஆளாகிவிட்டான்' என்பது நம் வழக்கு. மலாயாத் தோட்டங்களில் அத்தொடருக்குக் கசப்பான பொருளொன்றும் உண்டு. பெரட்டுக்களத்தில் பெயர் பதிந்த அன்றே சிறுவன் 'ஆள்' ஆனான். கிராணியின் ஏட்டில் ஓர் எண்ணிக்கை ஆனான். அத்தகைய பிள்ளையைப் போர் எவ்வாறு மனிதனாக்கிற்று? இவ்வினாவிற்கு நம் நாவல்கள் தரும் விடை ஆராயத்தக்கது.

விடையின் வேர் கிள்ளானில் உள்ளது. 1941ஆம் ஆண்டில் அவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர், ஆர். எச். நாதன் போன்றோர் வழிகாட்ட வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும் கள்ளுக்கடை ஒழிப்பும் மட்டும் அவர்கள் கேட்டவை அல்ல. துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் இழிவும் ஒழியவேண்டும் என்றனர். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. தந்தை இறங்கி நின்றதைக் கண்டு வளர்ந்த பிள்ளை, துரை தப்பியோடியதையும் கண்டான்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து அழைத்தபோது அப்பிள்ளை நிமிர்ந்ததில் வியப்பில்லை. சிறார்க்குப் பாலர் சேனை அமைந்தது. ஜான்சி ராணிப் படையில் கோலாலம்பூரின் ஜானகி 18 வயதிலும், ஈப்போவின் இராசம்மா 16 வயதிலும் சேர்ந்தனர். ஆளாதல் ஆண்பிள்ளைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இவர்களே சான்று.

ஆயினும் அதே ஜப்பானியர்தாம் பல்லாயிரம் தமிழரை 415 கிலோமீட்டர் நீளச் சயாம் – பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசென்று சாகவிட்டனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களின் களம் அதுவே. அங்கே தமிழன் கையில் துப்பாக்கி இல்லை. பசியும் நோயும் சாவுமே உண்டு. பிறர் துயரைத் தன் தோளில் ஏற்கும்போதே அங்கு இளைஞன் ஆளாகின்றான்.

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959) இன்னும் ஒரு படி செல்கிறது. பினாங்குக் கடையிலிருந்து படைக்குச் சென்று மீண்ட செல்லையாவைக் கடை முதலாளி ஏற்கவில்லை. மகள் மரகதத்தையும் அவனுக்குத் தரவில்லை. படைவீரனின் நிமிர்வு வட்டிக்கடைக்கு ஒவ்வாதாம்! களத்தில் அஞ்சாதவன், அவ்விழப்பைத் தாங்கி வாழக் கற்கும்போதே முழுமை பெறுகின்றான்.

வாழ்வும் இதையே காட்டிற்று. 1945இல் படை கலைந்தது. இராசம்மா பின்னாளில் கோலாலம்பூரில் பள்ளித் தலைமையாசிரியையானார். பெண் ஆசிரியர்க்குச் சம ஊதியம் வேண்டிப் போராடினார். தோட்டத்துக்கு மீண்ட பிள்ளைகளோ மறுபடியும் பெரட்டுக்களத்தில் நின்றனர்.

சிறுவன் தோளில் துப்பாக்கி ஏற்றியதை வீரமென்று மட்டும் பாடிவிட்டுப் போதல் நமக்கு அழகன்று. அவன் இழந்த பிள்ளைப்பருவத்தையும் நினைத்தல் வேண்டும். துப்பாக்கி அவனை ஆளாக்கவில்லை. அதைக் கீழே வைத்த பின்னும் குனியாமல் நின்றானே, அந்நிலையே அவனை ஆளாக்கியது.