கீழ்த்திசை ஆறுகளும் வைக்கிங்கர் கலங்களும்

பழைய நூல்களிற் கண்ட ஒரு செயலை இன்று நாமே செய்து பார்ப்போமாயின், அது வரலாற்றுக்கு எத்துணைச் சான்றாகும்? இவ்வினாவுக்கு விடைகாண விழைவார்க்கு, வைக்கிங்கருடைய கீழ்த்திசை வாணிக வழிகளில் மாதிரிக் கலங்களைச் செலுத்தியோர் பெற்ற அனுபவம் பெரிதும் துணைசெய்யும்.

வைக்கிங்கர் என்றதும் மேற்கே இங்கிலாந்தையும் பிரான்சையும் சூறையாடிய கடலோடிகளே மாணவர் நினைவுக்கு வருவர். சுவீடன் நாட்டவரோ பெரும்பாலும் கீழ்த்திசையையே நாடினர். பால்டிக்குக் கடலினின்று நீவா, வொல்கோவ் ஆறுகள் வழியே நொவ்கொரொட் நகரை அடைந்து, லோவாத்து ஆற்றில் எதிரேறி, நீர்பிரி மேட்டைக் கடந்து, நீப்பர் ஆற்றின் வழியே கீவுக்கும் கருங்கடலுக்கும் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கும் செல்வது அவர் வழிகளுள் ஒன்று. மென்மயிர்த் தோலும் மெழுகும் அடிமைகளும் தெற்கே சென்றன. வெள்ளியும் பட்டும் வடக்கே வந்தன. கொத்லாந்துத் தீவில் 1999 ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட புதையலொன்றில் ஏறக்குறைய 67 கிலோகிராம் வெள்ளியும், அதனுள் 14,000 க்கு மேற்பட்ட நாணயங்களும் இருந்தன. அவற்றுட் பெரும்பாலன இசுலாமிய நாடுகளின் நாணயங்களே. வாணிகம் நடந்தது என்பதில் ஐயமில்லை. அது எவ்வகைக் கலத்தில் நடந்தது என்பதே வினா.

1893 இல் மக்னசு அந்தர்சன் என்னும் நோர்வே நாட்டு மாலுமி, கொக்ஸ்தாட்டுக் கலத்தின் மாதிரியொன்றில் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்கா சென்றார். அவ்வெற்றி, வைக்கிங்கர் கலம் செல்லவியலாத இடமில்லை என்ற எண்ணத்தை வளர்த்தது. ஆயின் கொக்ஸ்தாட்டுக் கலம் 23 மீற்றருக்கு மேல் நீளமுடையது. அத்தகைய பெருங்கலத்தைக் காட்டினூடே நிலத்தின்மேல் இழுத்துச் செல்லல் எளிதன்று. ஆகவே கீழ்த்திசைப் பயணங்களை ஆராய வந்தோர் சிறு கலங்களையே தெரிந்தெடுத்தனர். ஏறத்தாழ 8 மீற்றர் நீளமுள்ள ‘கிரம்ப்மாக்கன்’ 1983 இற் கொத்லாந்தினின்று புறப்பட்டு, விஸ்துலா, தன்யூபு ஆறுகள் வழியே 1985 இல் இஸ்தான்புல்லை அடைந்தது. அதனிற் சற்றே பெரிய ‘ஐபூர்’ என்னும் கலம் 1994 இற் சிக்தூனாவினின்று நொவ்கொரொட்டுக்கும், 1996 இல் அங்கிருந்து கருங்கடற் பக்கத்துக்கும் சென்றது.

கேட்போர்க்கு இவை முழு வெற்றியாகவே தோன்றும். ஆயின் ‘ஐபூர்’ கலத்திற் சென்ற தொல்பொருளறிஞர் ரூனே எட்பெர்க், 1983 முதல் 2006 வரை நடந்த இத்தகைய பயணங்களை ஒருங்குவைத்து ஆராய்ந்து வேறொரு முடிவுக்கு வந்தார். ஆற்றோட்டத்தோடு செல்லுதல் இயன்றது. எதிரேறுதலோ பெருந் துன்பமாயிற்று. நீர்பிரி மேட்டைக் கடப்பதற்குப் பெரும்பாலும் இக்கால ஊர்திகளின் துணையே வேண்டியதாயிற்று. உருளைக் கட்டைகளின்மேற் கலத்தை இழுத்துக்கொண்டு வீரர் விரைந்து செல்வதாக நூல்களில் நாம் காணும் படங்கள் இவ்வனுபவத்தோடு பொருந்தவில்லை.

இத்தோல்வி நம்மைப் பழைய ஏட்டினிடம் மீண்டும் அனுப்புகின்றது. கி. பி. 950 அளவில், பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கொன்ஸ்தாந்தீன் தம் மகனுக்காக இயற்றிய நூலில் இவ்வழியைப் பற்றி எழுதியுள்ளார். சிலாவியர் மாரிக்காலத்திற் காட்டுமரங்களைக் குடைந்து கலங்களுக்கு அடிமரம் செய்வர் என்றும், பனி உருகியதும் அவற்றைக் கீவுக்குக் கொணர்ந்து விற்பர் என்றும், உரூசியர் அவற்றை வாங்கிப் பழைய கலங்களின் துடுப்பு முதலிய உறுப்புக்களைப் பூட்டிக்கொள்வர் என்றும் அவர் கூறுகின்றார். அஃதாவது, சுவீடனிற் புறப்பட்ட கலமே கொன்ஸ்தாந்திநோப்பிளை அடைய வேண்டுவதில்லை. நெடுவழி சென்றது வாணிகமே. கலங்கள் இடையிடையே மாறியிருத்தல் கூடும். ஏட்டில் என்றும் இருந்த இச்செய்தியின் பொருள், துடுப்புப் பிடித்துக் கை சலித்த பின்னரே நன்கு விளங்குகின்றது.

சுவீடனில் எல்கோ என்னுந் தீவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சிறு புத்தர் படிமமும் இதற்கு ஒப்பானது. ஆறாம் நூற்றாண்டளவில் இந்தியாவின் வடமேற்கெல்லைப் புறத்தில் வார்க்கப்பட்ட அப்படிமத்தைக் கண்டு, சுவீடன் வணிகன் அங்குச் சென்றான் எனக் கொள்வாரிலர். அது கைம்மாறிக் கைம்மாறியே வந்திருத்தல் வேண்டும் என்பர் அறிஞர். பொருளுக்குக் கூறும் இவ்விதியைக் கலத்துக்குக் கூற மட்டும் ஏன் தயங்குதல் வேண்டும்?

மாதிரிக் கலங்களுக்கும் எல்லையுண்டு. பேரரசர் பெயர் சுட்டி விவரித்த நீப்பர் ஆற்றுப் பாறைத்தடைகள், 1932 இல் நிறைவுற்ற அணையால் நீரில் மூழ்கின. எனவே அவற்றைக் கடந்த துன்பத்தை இன்று எவரும் அவ்வாறே பட்டறிதல் அரிது.

ஆதலின், ஒரு செயல் இயலும் எனக் காட்டுவது வேறு; அது நிகழ்ந்தது என நிறுவுவது வேறு. ‘ஐபூர்’ கலத்தார் தம் கலம் ஊர்தியில் ஏறியதை மறைத்திருப்பின், நமக்குக் கிடைத்திருப்பது வீரக்கதையொன்றே. அதனை மறையாதுரைத்தமையால் வரலாறு பயன்பெற்றது. வரலாறு பயிலும் மாணவர் கைக்கொள்ள வேண்டிய நேர்மையும் இதுவேயாம்.