தலைமடையும் கடைமடையும்: கல்லோயாத் திட்டம் உணர்த்தும் பாடம்

ஒரு சமுதாயத்தின் எதிர்காலத்தைச் சட்டமும் அரசியலும் போலவே பொறியியலாளர் வரையும் கோடுகளும் உருவாக்குகின்றன. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களின் அண்மைக்கால வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இப்பகுதியின் முஸ்லிம், தமிழ் விவசாயிகள் பட்டிப்பளை ஆற்று நீரை நம்பி நெடுங்காலமாக நெல் விளைவித்து வந்தனர். வயல்வெளிகளில் நீர்ப்பங்கீட்டை வட்டை விதானைமார் கண்காணித்தனர். போடிமாரின் செல்வாக்கு ஆங்கு மிகுந்திருந்ததெனினும், முறை தவறியவிடத்து நியாயம் கேட்பதற்குரியவர் அண்மையிலேயே இருந்தார்.

1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. அமெரிக்க நிறுவனமான மொறிசன் நட்சன் இங்கினியாகலையில் அணையைக் கட்டியது. அதனால் உருவான சேனநாயக்க சமுத்திரம் ஏறத்தாழ 7,70,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ள வல்லது. வெள்ளத்தைத் தடுத்தல், விளைநிலத்தைப் பெருக்குதல் ஆகிய நோக்கங்கள் போற்றத்தக்கனவே.

ஆயின், நீரின் வழி மாறியபோது மக்களின் நிலையும் மாறிற்று. அணையை அண்டிய புதிய குடியேற்றங்களிற் பெரும்பாலும் சிங்கள மக்கள் குடியமர்த்தப்பட்டனர். இடதுகரை வாய்க்காலின் கடைமடையில் தமிழ் விவசாயிகள் இருந்தனர். 1956 இல் அப்பகுதியில் இனக்கலவரம் மூண்டது. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. திட்டத்தோடு வளர்ந்த உள்நாட்டு நகரே அதன் தலைநகராயிற்று. கரையோர மக்கள் கச்சேரிக் கருமங்களுக்கு அங்குச் செல்ல வேண்டியவராயினர்.

1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானைமாரின் இடத்திற் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. 1970களின் இறுதியில் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்தன, கதவுகள் பழுதடைந்தன, கடைமடைக்கு நீர் எட்டவில்லை. புனரமைப்பின்போது, 1981 முதல், பட்டதாரி இளைஞர் பலர் கிராமங்களிலே தங்கி விவசாயிகளை ஒன்றுகூட்டினர். விவசாயிகள் சிரமதானத்தால் வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீர் பாய்ச்சினர். தலைமடைச் சிங்கள விவசாயிகள் கடைமடைத் தமிழ் விவசாயிகளுக்கு நீர் விட்டுக்கொடுத்தனர். அணை அதுவே, வாய்க்காலும் அதுவே. புதிதாக வந்தது, பயன்பெறுவோர் கூடிப் பேசி முடிவெடுக்கும் முறையே.

இன்று செய்மதியும் கணினியும் நீரை அளக்கின்றன. நாளைய தொழினுட்பம் எத்தகையதாயினும், அதன் வரைபடம் விரிக்கப்படும் மேசையிற் கடைமடை விவசாயிக்கும் ஓர் இருக்கை வேண்டும். அஃதில்லாத அபிவிருத்தி எவ்வளவு நீரைத் தேக்கினும் சமுதாயத்தின் தாகத்தைத் தணிக்காது.