பேர் யாருடையது?

அம்பத்தூரில் டன்லப் டயர் கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் சி.டி.எச். ரோட்டில் பஸ் ஏறினால் "டன்லப் ஒண்ணு" என்றுதான் கேட்கிறோம். இப்போது நமக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை, ஆனால் ஸ்டாப்பிங் பேர் சொல்லித்தானே ஆகணும்! கம்பெனி போயும் பேர் போகவில்லை. இதே ஊரில் இன்னொரு பேரின் கதையும் உண்டு. நம்ம குழுக்களுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற கதை என்பதால் இந்த மலரில் எழுதுகிறேன்.

1949-ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் நம்ம முருகப்பா குழுமமும் கூட்டுச் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அம்பத்தூரில் சைக்கிள் செய்தார்கள். அந்தச் சைக்கிளுக்கு வைத்த பேர் ஹெர்குலிஸ். அது புதுப்பேர் இல்லை. 1910-ல் பர்மிங்காமில் தொடங்கிய ஒரு சைக்கிள் கம்பெனியின் பேர். பின்னால் பி.எஸ்.ஏ.வும் வந்தது. அது பர்மிங்காமில் துப்பாக்கி செய்துவந்த கம்பெனி. அதனால்தான் அதன் முத்திரையில் மூன்று துப்பாக்கிகளைச் சாத்தி வைத்த மாதிரி படம் இருக்கும். நம்மில் பல பேர் ஓட்டிப் பழகிய லேடிபேர்ட் அந்த பி.எஸ்.ஏ. பேரில் வந்ததுதான். வேலை செய்த கை இங்கே, ஓட்டின கால் இங்கே. பர்மிங்காமில் அந்தப் பழைய ஹெர்குலிஸ் தொழிற்சாலை இன்று இல்லை. பேர் மட்டும் நம்ம தெருவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பேருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? நம்ம பாட்டிகள் எழுத்துக்கூட்டிப் படித்துச் சாமான் வாங்கவில்லை. "யானை மார்க் குடு, சாவி மார்க் குடு" என்று படத்தைச் சொல்லித்தான் வாங்கினார்கள். போன தடவை நன்றாக இருந்த பொருளே இந்தத் தடவையும் வரும் என்பதற்கு அந்த மார்க் ஒன்றுதான் சாட்சி. அதை இன்னொருத்தர் திருடினால், ஒவ்வொரு தடவையும் கோர்ட்டுக்குப் போய் "இது என்னுதுதான்" என்று முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்தியா முழுவதற்குமான வணிகச் சின்னச் சட்டம் 1940-ல்தான் போட்டார்கள். அது நடைமுறைக்கு வந்தது 1942-ல். அதன்பிறகுதான் பேரைப் பதிவேட்டில் ஏற்றி வைக்க வழி வந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. அங்கே எத்தனை பட்டறைகள்! லேத்தும் பிரஸ்ஸும் ஓடாத சந்து கிடையாது. நம்ம வீட்டு ஆண்கள் பாதிப்பேர் அங்கே வேலை பார்த்தவர்கள்தான். ஆனால் அந்தப் பட்டறைகளில் ஒன்றின் பேராவது வெளியூரில் யாருக்காவது தெரியுமா? பெரும்பாலும் ஜாப் ஒர்க். போல்ட்டு இவர்கள் செய்வது, வண்டி பெரிய கம்பெனி பேரில் போவது. ஆர்டர் நின்றால் ஷட்டரும் இறங்கிவிடும்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் குழுவும் அதையேதான் செய்தது. மூன்று வருஷம் ஒரு கடைக்குச் சாம்பார் பொடி அரைத்துக் கொடுத்தோம். கவர் அவர்களுடையது, பேர் அவர்களுடையது. கிலோவுக்கு விலையைக் குறைக்கச் சொன்னார்கள், கட்டுப்படியாகாது என்றோம். அடுத்த மாதம் வேறு யாரோ அரைத்த பொடி அதே கவரில் வந்தது. வாங்குகிறவர்கள் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பொடியின் வாசனைகூட எங்களுடையது இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நம்மைப் போன்ற பெண்கள் இதை வேறு மாதிரி செய்ததும் உண்டு. 1959 மார்ச் 15-ஆம் தேதி, பம்பாய் கிர்காமில் ஒரு மொட்டை மாடியில், ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டார்கள். முதல் நாள் நாலே பாக்கெட்டுதான். 1962-ல் பேர் வைக்கப் போட்டி நடத்தினார்கள், பரிசு அஞ்சு ரூபாய். அதில் வந்த பேர்தான் லிஜ்ஜத். குஜராத்தியில் ருசி என்று அர்த்தம். மாவை மையத்தில் வாங்கிப்போய் அவரவர் வீட்டில்தான் தேய்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள், ஆனால் பாக்கெட்டில் பேர் ஒன்றுதான். அந்தப் பேர் தனிமுதலாளி ஒருத்தருடையது இல்லை, அங்கத்தினர்களான சகோதரிகளுடையது.

நம்ம சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இப்போதைய சட்டத்தில் கூட்டுச் சின்னம் என்று ஒன்று உண்டு. சங்கம் சொந்தக்காரர், உறுப்பினர்கள் பயன்படுத்தலாம். சாதாரணச் சின்னம் என்றால், தனிநபரும் சிறுதொழில் செய்பவரும் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகைப் பொருளுக்கு 4,500 ரூபாய் கட்டணம். மற்றவர்களுக்கு 9,000. மசாலா பொடி 30-ஆம் வகை, ஊறுகாய் 29, சோப்பு 3. மூன்றும் செய்தால் மூன்று கட்டணம், ஜாக்கிரதை! பதிவு பத்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கணும். "சுத்தமான மசாலா" மாதிரிப் பேர் வைத்தால் கிடைப்பது கஷ்டம். சுத்தம் எல்லோருக்கும் பொது இல்லையா? பதிவு ஆகும் முன்னாலேயே வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போடுவது குற்றம். அதுவரை டி.எம். என்று மட்டும் போடலாம்.

பதிவோடு வேலை முடியவில்லை. அமிர்ததாரா என்ற மருந்துக்காரர்கள், லக்ஷ்மண்தாரா என்ற பேரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சாதாரண ஜனங்கள் இரண்டு பேரையும் குழப்பிக்கொள்வார்கள் என்று 1962-ல் நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் இத்தனை வருஷம் தெரிந்தும் சும்மா இருந்தீர்களே என்று சொல்லி, உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் லக்ஷ்மண்தாராவுக்குப் பதிவு கொடுத்துவிட்டார்கள்.

சென்னைப் பதிவு அலுவலகம் கிண்டியில்தான் இருக்கிறது. நாம் வைக்க நினைக்கும் பேர் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா என்று அவர்களுடைய இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், பிள்ளைகளிடம் போனைக் கொடுத்தால் போதும். ஆகவே அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் இரண்டு பேர் யோசித்துக்கொண்டு வாங்க. பழைய பில் புத்தகம், பழைய லேபிள் இருந்தால் அதையும் தூக்கிப் போடாமல் எடுத்து வாங்க. எந்த வருஷத்திலிருந்து அந்தப் பேரில் விற்கிறோம் என்று காட்ட அதுதான் சாட்சி. பரிசு அஞ்சு ரூபாய்க்கு மேல் தரலாமா என்று பொருளாளர் அக்காவைக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.