ராணியின் காலமும் நம் ஆச்சிமார் காலமும்

சென்ற தீபாவளி விடுமுறையில் செம்பூர் வீட்டுக்கு வந்திருந்த என் பேத்தி, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். "தாத்தா, விக்டோரியா காலத்துல நடக்கிற காதல் கதை ஒண்ணு எழுதுறேன், கேக்கிறீங்களா?" என்றாள். கேட்டேன். லண்டன் மாளிகை, குதிரை வண்டி, நடன விருந்து எல்லாம் இருந்தன. "நல்லாத்தான் இருக்கு தாயீ. அதே ராணி காலத்துல இந்த பம்பாய் எப்படி இருந்துதுன்னு யோசிச்சியா?" என்றேன். "இங்க என்ன தாத்தா இருந்துது, கதைக்கு?" என்று திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று பாதிப் பதில்தான் சொன்னேன். மீதி இதோ.

சரித்திரக் கதை என்றதும் நம்மவர்களுக்குக் கல்கியும் சோழ மன்னர்களுமே நினைவுக்கு வருகிறார்கள். விக்டோரியா அரசியார் ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலம் அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. ஆனால் நாம் இன்று காணும் மும்பை உருவானது அப்போதுதான்.

1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் ரயில் ஓடியது. 1860இல் விஹார் ஏரித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியது. 1874இல் குதிரைகள் இழுக்கும் டிராம் வந்தது. 1871இல் பம்பாயிலிருந்து வந்த தண்டவாளமும் சென்னையிலிருந்து வந்த தண்டவாளமும் ராய்ச்சூரில் சந்தித்தன. நம்மவர்கள் இங்கே வந்து சேர வழி திறந்தது அந்தச் சந்திப்பில்தான் என்பது என் எண்ணம். 1896இல் பிளேக் நோய் பரவி, ஊரே காலியாகும் நிலை வந்தது. அதன் விளைவாக 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் போட்ட திட்டத்தில் உருவானதே நமது மாதுங்காவின் நேர்நேரான தெருக்கள்.

கதை எழுதுபவருக்கு இந்த ஆண்டுகள் ஏன் முக்கியம்? இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

கதாநாயகன் மில் தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமை மாலை கடற்கரையில் அவளைச் சந்திக்கிறான் என்று எழுதலாமா? 1890க்கு முன் என்றால் எழுத முடியாது. நாராயண் மேகாஜி லோகண்டே தொழிலாளர்களைத் திரட்டிப் போராடிய பிறகே, அந்த ஆண்டில் பம்பாய் மில்களில் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. காதலிப்பதற்கும் ஓய்வு வேண்டுமல்லவா!

அடுத்தது கடிதம். காலணா தபால் கார்டு நம் நாட்டில் வந்தது 1879இல். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியதும் அதே ஆண்டுதான். கார்டு மலிவு. ஆனால் தபால்காரர் முதல் மாமியார் வரை யாரும் படித்துவிடலாம். எழுத்தறியாத பெண் என்றால், வந்த கார்டை இன்னொருவர்தான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அதில் எந்தக் கணவன் மனம் திறந்து எழுதுவான்?

இனி முக்கியமான விஷயம், கதாநாயகி. பேத்தியின் கதாநாயகி இருபது வயதில், வந்த வரன்களில் பிடித்தவரைத் தேர்ந்தெடுக்கிறாள். அன்றைய பம்பாயில் பெரும்பாலான பெண்களுக்கு அந்தப் பேச்சே கிடையாது.

ருக்மாபாய் 1864இல் பிறந்தவர். பதினொரு வயதில் மணம் செய்து வைத்தார்கள். கணவர் வீட்டுக்குப் போகாமல், பிறந்த வீட்டிலேயே தங்கிப் படித்தார். 1884இல் கணவர் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். முதலில் தீர்ப்பு ருக்மாபாய்க்குச் சாதகமாக வந்தது, மேல்முறையீட்டில் மாறியது. கடைசியில் 1887இல், கணவரோடு போய் வாழ வேண்டும், இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று ஆணை பிறந்தது. சிறைக்கே போகிறேன் என்றார் அந்தப் பெண்மணி.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1887 ராணியின் பொன்விழா ஆண்டு. போரி பந்தரில் எழுந்த புதிய ரயில் நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டியதும் அதே ஆண்டுதான். ஒரு பெண்ணின் பெயரால் கோபுரம் எழுந்த ஊரில், இன்னொரு பெண் "எனக்கு விருப்பமில்லை" என்று சொன்னதற்குச் சிறையைக் காட்டினார்கள்!

1888இல் 2,000 ரூபாய் கொடுத்து வழக்கு சமரசமாக முடிந்தது. ருக்மாபாய் லண்டன் சென்று மருத்துவம் படித்து, திரும்பி வந்து சூரத்தில் பல்லாண்டு பணியாற்றினார். 1955 வரை வாழ்ந்தார். திருமண உறவுக்கான பெண்ணின் வயது வரம்பை 1891இல் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டத்துக்கு அவர் வழக்கும் ஒரு தூண்டுதல். பன்னிரண்டு! அதற்கே நாடெங்கும் எத்தனை எதிர்ப்பு!

இதைப் படித்தபோது என் ஆச்சிதான் நினைவுக்கு வந்தார். ராணி மறைந்தபோது தொட்டில் பிள்ளையாக இருந்தவர். தோல் பதனிடும் வேலைக்கு வந்த தாத்தாவோடு திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர். ரயிலில் கட்டுச்சோறு கெட்டுப்போனது, குழாயடிச் சண்டை, மழை வெள்ளம் எல்லாம் கதை கதையாகச் சொல்வார். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், "கட்டி வச்சாவ, வந்தேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். சிறுவனாக இருந்த நான் சிரித்திருக்கிறேன். 'உங்களுக்கு இஷ்டமா ஆச்சி?' என்று ஒருநாளும் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

பேத்தி கதையைக் கிழித்துப் போடவில்லை. லண்டனைப் போரி பந்தராக மாற்றியிருக்கிறாள். கதாநாயகி கையில் காலணாக் கார்டு ஒன்று இருக்கிறதாம். இன்னும் அவளுக்குப் படிக்கத் தெரியாதாம்.

சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரண்மேல் டிரங்குப் பெட்டி இருந்தால் இறக்கிப் பாருங்கள். பழைய கார்டு, ரேஷன் அட்டை, கல்யாணப் பத்திரிகை எது கிடைத்தாலும் ஆண்டும் பெயரும் எழுதி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதை நீங்களாவது கேளுங்கள்.